அவிநாசி வட்டாரத்து எஞ்சின்களும் அவற்றின் புகைக் கணக்கும்

அவிநாசி வட்டாரத்தில் எஞ்சினின் வரலாறு கிணற்று மேட்டில் தொடங்குகிறது. தெற்கே நொய்யல், வடக்கே பவானி. இரண்டுக்கும் நடுவில் மேடாகக் கிடக்கும் இந்த நிலத்துக்கு இரண்டின் தண்ணீரும் தானாக ஏறி வராது. மேற்கு மலைகளின் மழைமறைவு வேறு. ஆகவே பாறை தட்டும்வரை கிணறு வெட்டி, கவலை பூட்டித் தோட்டம் வைத்தார்கள். எருதுகள் வாரியில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் மேலேறும். அவை பின்னோக்கி நடந்தால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். கிணறு ஆழமாக ஆக வாரியும் நீண்டது, மாட்டுத் தீவனச் செலவும் கூடியது. பவானியின் உபரி நீரை இந்த மேட்டுக் குளங்களுக்கு ஏற்றும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஆறு நீரேற்று நிலையங்களுடன் திறக்கப்பட்டதே 2024 ஆகஸ்டில்தான். அதற்கு முந்தைய நூறாண்டுக்கும் மேலாக, தண்ணீரை மேலே இழுக்க மாட்டைவிட மலிவான ஒரு விசை கிடைக்குமா என்பதே இங்கே பெரிய கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வியைச் சென்னை மாகாண அரசின் தரப்பில் எடுத்துக்கொண்டவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னர் மாகாணத்தின் தொழில்துறைப் பொறுப்புக்கு வந்தவர். ஏற்றமும் கவலையும் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இறைக்கின்றன, ஆளுக்கும் மாட்டுக்கும் என்ன செலவு பிடிக்கிறது என்று அளந்து எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், எண்ணெய் எஞ்சினோடு மையவிலக்குப் பம்பை இணைத்துப் பாசனக் கிணறுகளில் ஓட்டிக்காட்டும் முயற்சியையும் முன்னின்று நடத்தினார். ஊற்று வளமான இடங்களில் அது எடுபடக்கூடியது. மேட்டுநிலக் கிணறுகளில் கணக்கு வேறு. பாறை இடுக்கில் மெல்லக் கசிந்து சேரும் தண்ணீரை எஞ்சின் சிறிது நேரத்தில் இறைத்துத் தீர்த்துவிடும். பிறகு எஞ்சின் சும்மா நிற்கும், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். கவலை மெதுவாக இறைத்ததே அந்த ஊற்றுக்குப் பொருந்தியது. எஞ்சினுக்கு மாறத் தயங்கிய கொங்கு விவசாயியைப் பழமைவாதி என்று எழுதிவிடுவது எளிது. ஊற்றின் வேகத்தோடு ஒப்பிட்டால் அவர் போட்டது சரியான கணக்கு.

சாட்டர்டன் காலத்தில் மாகாணத்துக்கு வந்த இன்னொரு பொறி பெரும்பாலும் மறந்துபோனது. மரக்கரி வாயுவில் ஓடும் எஞ்சின் அது. ஓர் இரும்புக் கலனில் கரியைக் கனலவிட வேண்டும். எஞ்சின் தன் உறிஞ்சு வீச்சாலேயே காற்றையும் சிறிது நீராவியையும் அந்தக் கனலின் வழியே இழுக்கும். காற்று போதாத கனலில் கரி முழுதாக எரியாமல், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு உண்டாகும். அதைக் குளிரவைத்து, சாம்பலை நீக்கிச் சிலிண்டருக்குள் விட்டால் எரிபொருள் ஆயிற்று. இறக்குமதி எண்ணெய் வேண்டாம், விறகு விளையும் நாட்டில் கரிக்குப் பஞ்சமில்லை என்பது இதன் கவர்ச்சி. வாயுவில் ஓடும் எஞ்சின் இன்று புதுமைபோலப் பேசப்பட்டாலும், வரிசைப்படி அதுவே மூத்தது. நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் ஜெர்மனியில் ஓட்டிக்காட்டிய நான்கு வீச்சு எஞ்சினுக்கு எரிபொருள், நகரக் குழாய்களில் வந்துகொண்டிருந்த நிலக்கரி வாயு. பெட்ரோலும் டீசலும் அதற்குப் பின் வந்தவை.

ஆலைப் பக்கத்தில் ஆட்சி செய்தது நீராவி. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நூற்பாலைக்கும், அதன் பின் வந்தவற்றுக்கும் பாய்லரே உயிர். பருத்திச் சந்தையாக வளர்ந்த திருப்பூர்ப் பகுதியின் ஜின்னிங் ஆலைகளில் நீராவி எஞ்சினும் எண்ணெய் எஞ்சினும் தண்டையும் பெல்ட்டையும் சுழற்றின. இந்த நிலையைத் தலைகீழாக்கியது நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம். 1930-களின் தொடக்கத்தில் அதன் மின்சாரம் சமவெளிக்கு இறங்கியதும் கோவையில் நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டினார்கள். கிணற்று மேட்டிலும் அதன்பின் ‘கரண்டு மோட்டார்’ என்ற சொல் நுழைந்தது. கம்பி எட்டிய ஊரில் எஞ்சினுக்கு வேலை குறைந்தது.

இரண்டாம் உலகப் போர் எஞ்சினை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, சாலைப் போக்குவரத்து முழுவதும் நின்றுவிடும் நிலை. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் மரக்கரி வாயுக் கலன்களைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. மாகாணம் எங்கும் பேருந்துகளின் பின்னால் உயரமான இரும்புக் கலன்கள் தொங்கத் தொடங்கின. அவற்றைக் ‘கரிகேஸ் பஸ்’ என்றார்கள். விடிகாலையில் கிளீனர் கரியைக் கொட்டி, கைவிசிறியைச் சுற்றிக் கனல் பிடிக்கச் செய்ய வேண்டும். வாயு சரியாக வர நேரம் ஆகும். வழியில் நின்று கிளறிவிட வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடக்க வேண்டும். மேட்டில் திணறியதற்குக் காரணம் வாயுவின் வலு. கரி வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஒரு கன மீட்டருக்கு அதில் கிடைக்கும் வெப்பம், இயற்கை எரிவாயுவில் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். காற்றோடு கலந்த பிறகு இந்த வித்தியாசம் சுருங்கிவிடும் என்றாலும், பெட்ரோலில் ஓடிய அதே எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

அந்தப் பேருந்துகளின் புகையை அன்று யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் விநோதமான ஒரு விடை கிடைத்திருக்கும். கலனில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டுவது ஆபத்து. அதே சமயம், எரியாத நைட்ரஜன் அவ்வளவு கலந்திருந்ததால் சிலிண்டருக்குள் தீயின் வெப்பநிலை தணிந்தே இருந்தது. ஆகவே நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவாகவே உண்டாகியிருக்கும். எரிகலவையை நீர்த்துப்போகச் செய்து தீயைக் குளிர்விப்பது இன்றைய வாயு எஞ்சின் வடிவமைப்பில் பெரும் ஆராய்ச்சிக்குரிய உத்தி. கரிகேஸ் பஸ்ஸில் அது எரிபொருளின் குறைபாடாகவே வந்து சேர்ந்திருந்தது.

தீயின் வெப்பநிலைக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் உள்ள இந்தத் தொடர்பு கணக்காக எழுதப்பட்டது போர் முடிந்த மறு ஆண்டில். சோவியத் இயற்பியலர் யாக்கோவ் செல்டோவிச் 1946-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறு எளிதில் பிளவுபடாது. கடும் வெப்பத்தில் பிறக்கும் தனி ஆக்சிஜன் அணு மோதினால்தான் பிளக்கும். பிளந்தபின் அடுத்தடுத்த வினைகள் வேகமாக நடந்து நைட்ரிக் ஆக்சைடு சேரும். முதல் படிக்குத் தேவைப்படும் ஆற்றல் மிக அதிகம் என்பதால் முழு விளைவும் வெப்பநிலையின் கையில் இருக்கிறது. 2,000 கெல்வினில் எரியும் வாயு 2,100 கெல்வினுக்கு ஏறினால், மற்றவை மாறாதவரை, நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் தொடக்க வேகம் சுமார் ஐந்து மடங்காகிறது. எஞ்சின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் கணிக்கும் மாதிரிகள் பெரும்பாலும் இன்றுவரை இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

போருக்குப் பின் பெட்ரோல் திரும்பியது. கரிக்கலன்கள் பழைய இரும்புக்குப் போயின. மின்கம்பி எட்டாத தோட்டங்களில் ‘குருடாயில் எஞ்சின்’ என்று மக்கள் அழைத்த மெதுவோட்ட டீசல் எஞ்சின்கள் இடம்பிடித்தன. 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் நிறுவனமும், லிஸ்டர் வகை எஞ்சின்களை வார்த்த ராஜ்கோட் பட்டறைகளும் நாடெங்கும் அவற்றைப் பரப்பின. கோவையின் வார்ப்புப் பட்டறைகள் மோட்டார்–பம்பு இணையில் பெயர் வாங்கின. மின்சாரம் எந்த அளவு இந்தப் பகுதி விவசாயத்தின் உயிர்நாடியாகிவிட்டது என்பதற்கு, அவிநாசிக்கு வெகு அருகிலுள்ள பெருமாநல்லூர் சாட்சி. மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று காவல்துறை சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். விவசாயத்துக்குக் கட்டணமில்லா மின்சாரம் என்ற நிலை எல்லா விவசாயிகளுக்கும் வந்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து.

மரக்கரி வாயு எஞ்சினை அரசே மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்த்தது. 1980-களின் பிற்பகுதியில் நடுவண் அரசு, விறகை வாயுவாக்கும் கலனோடு இணைந்த 5, 10 குதிரைத்திறன் டீசல் பம்புசெட்டுகளை மானியத்தில் வழங்கியது. நாடெங்கும் நடந்தது ஒன்றுதான்: பலர் மானிய விலையில் எஞ்சினை வைத்துக்கொண்டு, கரி பிடித்த கலனை ஓரத்தில் போட்டுவிட்டு, முழு டீசலில் ஓட்டினார்கள். திட்டம் தீட்டியவர்களுக்கு ஏமாற்றம். கலனில் படியும் தாரைத் தினமும் துடைக்க வேண்டியவரின் இடத்திலிருந்து பார்த்தால் இதில் வியப்பு ஒன்றுமில்லை. கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி விதிவிலக்கு. மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள அந்த ஊராட்சி, 2000-களின் தொடக்கத்தில் 9 கிலோவாட் விறகு வாயு மின்னாக்கி ஒன்றை நிறுவி, மர அறுவை ஆலைக் கழிவைக்கொண்டு குடிநீர் ஏற்றியது. கலனைத் துடைக்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்த இடத்தில் கலன் ஓடியது. பின்னர் அதே ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியதும் புகை, தார் பற்றிய பேச்சே எழவில்லை.

இதற்கிடையில் வட்டாரத்தின் பிழைப்பு கிணற்றிலிருந்து பனியனுக்கு மாறிவிட்டிருந்தது. 1920-களின் நடுவில் கல்கத்தாவைப் பார்த்துத் திருப்பூரில் தொடங்கிய கைப்பின்னல் தொழில், மின்சாரம் வந்தபின் விசைப் பின்னலானது. தையல் எந்திரங்களை ஒரே தண்டில் ஓட்டும் மேசைக்குப் பவர் டேபிள் என்று பெயர். எந்திரத்துக்குத் தனித்தனி மோட்டார் வந்த பிறகும் தையல் பிரிவின் பெயர் பவர் டேபிளாகவே நிலைத்துவிட்டது. 1970-களின் இறுதியில் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வழியாக ஏற்றுமதி பிடித்துக்கொள்ள, பின்னல், தையல், சாயப்பட்டறை எல்லாம் அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம் என்று சுற்றிலும் பரவின. கப்பல் தேதி குறித்த தொழில் இது. கரண்டு போனாலும் தேதி தள்ளாது.

கரண்டு போனது. 2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் தமிழகத்தில் நீடித்த மின்தட்டுப்பாடு 2012-இல் உச்சத்துக்குச் சென்றது. சென்னைக்கு வெளியே பகலில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் வந்தன. ஒவ்வொரு பனியன் கம்பெனியின் பின்புறமும் ஜெனரேட்டர் முளைத்தது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை யூனிட் கிடைக்கும்; அந்த விலையில் தைத்த சட்டைக்கு லாபம் நிற்பது கடினம். கவலையிலிருந்து எண்ணெய்க்கு, பெட்ரோலிலிருந்து கரிக்கு, கம்பியிலிருந்து டீசலுக்கு என்று இங்கே நடந்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் நடத்தியது ஒரு தட்டுப்பாடு. புகை காரணமாக ஒருவரும் எரிபொருளை மாற்றிக்கொள்ளவில்லை. தெருவெல்லாம் டீசல் மணத்த அந்த ஆண்டுகளில்கூடப் பேச்சு லிட்டர் விலையைப் பற்றியே இருந்தது.

புகைக்கு எண் கொடுத்தவை விதிகள். 800 கிலோவாட் வரையிலான டீசல் ஜெனரேட்டர்களுக்கு 2002-இல் அறிவிக்கப்பட்டு 2004 முதல் முழுமையாக நடப்புக்கு வந்த வரம்பு, ஒரு கிலோவாட்-மணிக்கு 9.2 கிராம் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்தது. 2014-இல், 75 கிலோவாட்டுக்கு மேற்பட்டவற்றில் நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்தே 4 கிராம் என்றானது. 2023 ஜூலை முதல் நடப்பிலுள்ள நான்காம் கட்ட விதியில், 56 முதல் 560 கிலோவாட் வரையிலான எஞ்சின்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு 0.40 கிராம், துகள் 0.02 கிராம். இருபது ஆண்டுகளுக்குள் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு இருபதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. பட்டறையில் காதால் கேட்டு, கையால் தொட்டு எஞ்சினைச் சீர்செய்த மெக்கானிக்கின் அனுபவ அறிவுக்கு இந்த எண்கள் எட்டாதவை.

டீசலுக்கு மாற்றாகப் பேசப்படும் இயற்கை எரிவாயு வட்டாரத்துக்குள் சண்டையோடுதான் நுழைந்தது. கொச்சியின் திரவ எரிவாயு முனையத்திலிருந்து கூட்டநாடு வழியாகப் பெங்களூருவுக்குப் போகும் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற ஏழு மாவட்டங்களில் விளைநிலங்களைக் கடப்பதாகத் திட்டம். குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கவோ வீடு கட்டவோ முடியாது. துண்டு துண்டாக நிலம் வைத்திருப்பவருக்கு அது தோட்டத்தையே பாதியாக அறுப்பது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013 மார்ச்சில் மாநில அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றமும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் குழாய்த் திட்டத்துக்குச் சாதகமாக முடிவு சொல்லின. அதற்குப் பிறகும் தோட்டங்களில் எதிர்ப்பு அடங்கவில்லை. வடக்கே எண்ணூரில் 2019-இல் இன்னொரு முனையம் திறந்தது. கேரள எல்லையில் வாளையார்வரை ஒரு கிளைக்குழாய் முடிந்து, கோவைக்கு வாயு வந்தது. குழாய் எட்டாத இடங்களுக்கு அழுத்திய வாயு, சிலிண்டர் அடுக்குகளாக லாரியில் போகிறது.

இந்த வாயு எரியும்போது கண்ணுக்குக் கரும்புகை தெரியாது. இங்கேதான் பழைய அனுபவ அறிவு தடுமாறுகிறது. டீசல் எஞ்சின் கெட்டால் புகைபோக்கியே சொல்லிவிடும். வாயு எஞ்சினிலிருந்து வருபவையோ நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, எரியாமல் தப்பும் மீத்தேன் என்று பெரும்பாலும் நிறமற்றவை. கருவி வைத்து அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்பே கணித்துவிட மாதிரி வேண்டும்.

மாதிரிகள் எளிமையிலிருந்து சிக்கலுக்கு வளர்ந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் வழக்கமான ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. தண்டு நாற்பது பாகை திரும்ப 4.4 மில்லி விநாடி. கலவையின் பெரும்பகுதி ஏறத்தாழ அந்த நேரத்துக்குள் எரிந்தாக வேண்டும். சோவியத் பொறியாளர் இவான் வீபே, தீயின் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படாமல், எந்தப் பாகையில் எத்தனை விழுக்காடு எரிந்திருக்கும் என்பதை ஒரே வளைகோட்டால் எழுதலாம் என்றார். கார்த்திகைச் சொக்கப்பனைபோல, மெதுவாகப் பற்றி, நடுவில் மளமளவென எரிந்து, கடைசியில் தணியும் வளைகோடு அது. ஜெர்மானியர் கெர்ஹார்ட் வோஷ்னி 1967-இல் சிலிண்டர் சுவர் வழியாகப் போகும் வெப்பத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். இவ்விரண்டும் இருந்தால் அழுத்தத்தையும் திறனையும் ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். நைட்ரஜன் ஆக்சைடைச் சொல்ல முடியாது. சிலிண்டர் முழுவதற்கும் ஒரே சராசரி வெப்பநிலையை வைத்தால், செல்டோவிச்சின் வேகக் கணக்கு அந்தச் சராசரியில் ஏறத்தாழ ஒன்றும் உருவாகாது என்றே காட்டும்.

அதனால் சிலிண்டரை இரண்டாகப் பிரித்தார்கள்: தீ கடந்த பகுதி, தீ இன்னும் தொடாத பகுதி. இரண்டிலும் அழுத்தம் ஒன்று, வெப்பநிலை வேறு. ஸ்பார்க் பிளக்குக்கு அருகில் முதலில் எரிந்த வாயு, பிறகு எரிவதன் அழுத்தத்தால் மேலும் அமுக்கப்பட்டு மிகச் சூடாகிறது. நைட்ரிக் ஆக்சைடின் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது வாயு சட்டெனக் குளிர்வதால், உண்டான நைட்ரிக் ஆக்சைடு திரும்பப் பிரிய நேரமில்லாமல் அப்படியே தங்கி வெளியேறுகிறது. தீப்பொறி நேரத்தைச் சில பாகை தள்ளிவைத்தால் ஏன் அது குறைகிறது, ஏன் எரிபொருள் செலவு கூடுகிறது என்ற இரண்டையும் ஒரே ஓட்டத்தில் காட்டுவது இந்த மாதிரியின் பலம். வடிவமைப்பாளரின் அன்றாட வேலைக்கு இன்றும் இதுதான் உழைக்கும் குதிரை. வண்ணப்படங்களோடு வரும் பெரிய கணிப்புகளுக்குக் கிடைக்கும் புகழ் இதற்குக் கிடைப்பதில்லை.

அந்தப் பெரிய கணிப்புகளில் சிலிண்டரின் உள்வெளி லட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் காற்றோட்டமும் வேதிவினையும் தீர்க்கப்படுகின்றன. 1980-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் வெளியிட்ட கிவா நிரல் இதற்கு வழிதிறந்தது. இயற்கை எரிவாயுவின் வேதியியலுக்கென்றே அந்நாட்டு எரிவாயு ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில் உருவான வினைத்தொகுதி, மூன்றாம் பதிப்பில் 53 வேதிப்பொருள்களையும் 325 வினைகளையும் கொண்டது. மீத்தேன் என்ற ஒற்றைக் கார்பன் எரிபொருளுக்கே இவ்வளவு. ஒவ்வோர் அறையிலும் இத்தனையையும் கணக்கிட்டால் ஒரு சுழற்சிக்கே நாட்கணக்கில் ஆகும் என்பதால், தேவையற்றவற்றை வெட்டிச் சுருக்கிய தொகுதிகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. எதை வெட்டலாம் என்பதில்தான் ஆய்வாளரின் தேர்ச்சி தெரியும்.

தமிழகத்தில் இந்தக் கலை சென்னை ஐ.ஐ.டி.யின் உள்ளெரி எஞ்சின் ஆய்வகத்தில் வேரூன்றியது. அங்கே பேராசிரியராக இருந்த வி. கணேசனின் எஞ்சின் பாடநூலும், எஞ்சின் நிகழ்வுகளைக் கணினியில் உருவகப்படுத்துவது பற்றிய அவரது நூல்களும் கோவை உட்பட நாட்டின் பொறியியல் மாணவர் பல தலைமுறைகளுக்கு முதல் வாசல். அதே வளாகத்தில் பின்னாளில் எரிதல் ஆய்வுக்கான தேசிய மையமும் அமைந்தது. 2008-இல் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, சாண எரிவாயுவில் ஓடும் ஸ்பார்க் எஞ்சினில், வாயுவிலுள்ள கார்பன் டையாக்சைடை 41 விழுக்காட்டிலிருந்து 20-க்குக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. காற்று மிகுந்த மெலிந்த கலவையும் தடுமாறாமல் எரிந்தது, ஹைட்ரோகார்பன் குறைந்தது. எரியாத வாயு கலந்தால் தீ குளிரும். அளவு மீறினால் தீயே தள்ளாடும். கரிகேஸ் பஸ் மேட்டில் திணறியதன் வேதியியல் இதற்கு நெருங்கிய உறவு.

மெலிந்த கலவையே வாயு எஞ்சினின் மையமான பேரம். மீத்தேன் சரியாக எரிய அதன் எடையைப் போல 17.2 மடங்கு காற்று போதும்; பெரிய வாயு எஞ்சின்கள் பல அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான காற்றில் ஓடுகின்றன. மிகைக் காற்று தீயைக் குளிர்விக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடு விழுகிறது, திறமையும் கூடுகிறது. ஆனால் மெலிந்த கலவையில் தீ மெதுவாக நகரும், சுவரோரம் அணையும். பிஸ்டனின் மேல்விளிம்புக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடுக்கில் புகுந்த கலவையைத் தீ தொடவே தொடாது. அது அப்படியே மீத்தேனாக வெளியேறுகிறது.

இந்தத் தப்பும் மீத்தேன் வாயுவின் பெருமையைக் குலைத்துவிடக்கூடியது. ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு டீசல் சுமார் 74 கிலோ கார்பன் டையாக்சைடு விடுகிறது. இயற்கை எரிவாயு 56 கிலோ. மிச்சம் 18 கிலோ. அதே வெப்பத்துக்கு வேண்டிய மீத்தேன் ஏறத்தாழ 20 கிலோ; நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டையாக்சைடைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எஞ்சின் திறமை சமம் என்று கொண்டால், எரிபொருளில் மூன்றரை விழுக்காடு எரியாமல் தப்பினாலே அந்த 18 கிலோ ஆதாயம் காலி. இருபதாண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் தப்பினாலே போதும். பல நாடுகளின் விதிகள் மீத்தேனை ஒதுக்கிவிட்டு மற்ற ஹைட்ரோகார்பன்களை மட்டும் எண்ணுவதால், விதிக்கு உட்பட்ட எஞ்சினும் இந்தக் கணக்கில் தோற்கலாம். மாற்று வழி, காற்றைச் சரியளவில் வைத்து மூவழி வினையூக்கியால் புகையைத் துப்புரவாக்குவது. அதில் நைட்ரஜன் ஆக்சைடும் மோனாக்சைடும் ஒருசேர விழும். ஆனால் எஞ்சின் கூடுதல் சூட்டில் ஓடும், எரிபொருள் சற்று அதிகம் பிடிக்கும், கலவையின் அளவு இம்மியும் பிசகக் கூடாது.

ஓர் ஊருக்கென்று மாதிரி ஓட்டும்போது உள்ளிட வேண்டியவை பாடநூலில் இருப்பதில்லை. கடல் வழி வரும் திரவ வாயு கப்பலுக்குக் கப்பல் ஒரே கலவை அல்ல. ஈத்தேனும் புரொப்பேனும் கூடினால் எஞ்சின் தட்டும் வாய்ப்பு அதிகம், தீப்பொறி நேரத்தைப் பின்தள்ள வேண்டிவரும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இழுக்கப்படும் காற்று சூடானது, வறண்டது. இரண்டுமே நைட்ரஜன் ஆக்சைடை ஏற்றும். மழைக்காலக் காற்றின் ஈரம் அதை இறக்கும். இவற்றைவிடப் பெரிது சுமை. விதிப்படி நடக்கும் ஐந்து நிலைச் சோதனையில் முழுச்சுமைக்குக் கொடுக்கப்படும் எடை வெறும் 5 விழுக்காடு. பாதிச் சுமைக்கும் கால் சுமைக்கும் தலா 30. பனியன் கம்பெனியின் ஜெனரேட்டரும் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகிறது: அதிகபட்சத் தேவைக்கென்று வாங்கிய பெரிய எஞ்சின், தையல் மேசைகளும் விளக்கும் மட்டும் ஓடும் நேரத்தில் கால் சுமையில் கிடக்கிறது. மெலிந்த கலவை எஞ்சினில் மீத்தேன் மிக அதிகமாகத் தப்புவது அந்தக் குறைந்த சுமையில்தான். ஒரே பெரிய எஞ்சினுக்குப் பதில் இரண்டு சிறியவற்றை வைத்து, சுமை குறையும்போது ஒன்றை நிறுத்தி மற்றதை முழுச்சுமைக்கு அருகில் ஓட்டினால், எரிபொருளும் தப்பும் மீத்தேனும் எவ்வளவு குறையும் என்பதை, கம்பெனியின் மணிவாரி மின்பதிவு கையில் இருந்தால் இரண்டு பகுதி மாதிரியே ஓரளவு சொல்லிவிடும்.